ஜிப் கவரில் வரும் புரோட்டீன் பவுடரை வாங்கலாமா, வீட்டு மீனே போதுமா?

கடலோரத்தான், மண்டபம்:

எல்லாருக்கும் வணக்கம். வயது 21, உயரம் 171, எடை 58 கிலோ. இரண்டாம் நிலைக் காவலர் தேர்வுக்குத் தயாராகிக்கொண்டிருக்கிறேன். எழுத்துத் தேர்வைப் பற்றிப் பெரிய கவலை இல்லை, உடல் அளவில்தான் உதறல். மார்பு 81 சென்டிமீட்டர் இருக்க வேண்டும், மூச்சை இழுத்தால் இன்னும் 5 சென்டிமீட்டர் விரிய வேண்டும், எனக்கு அந்த 81-ஐத் தொடவே தோளைத் தூக்க வேண்டியிருக்கிறது. அதனால் ராமநாதபுரத்தில் ஒரு ஜிம்மில் சேர்ந்து எடை தூக்குகிறேன்.

விஷயம் என்னவென்றால், அங்கே மாஸ்டர் எல்லாருக்கும் ஒரு பவுடர் தருகிறார். பெரிய மூட்டையிலிருந்து அள்ளி ஜிப் கவரில் போட்டு கிலோ 1,200 ரூபாய் என்கிறார். கடையில் டப்பாவாக வாங்கினால் 2,500-க்குக் குறையாது. 'உள்ளே இருப்பது ஒரே சரக்குதான் தம்பி, மீதிக் காசு டப்பாவுக்கும் விளம்பரத்துக்கும்' என்கிறார், கேட்கும்போது சரி என்றுதான் படுகிறது. துபாயில் இருக்கும் மச்சான் அடுத்த மாதம் ஊருக்கு வருகிறான், அவனிடம் ஒன்று சொல்லிவிடலாமா என்றும் ஓர் எண்ணம். ஆனால் வே, ஐசொலேட், கான்சன்ட்ரேட், மாஸ் கெய்னர் என்று ஆளுக்கொரு பெயர் சொல்கிறார்கள், எதைக் கேட்பது என்றே தெரியவில்லை.

அம்மா ஒரே பிடிவாதம், பவுடர் குடித்தால் கிட்னி போய்விடும் என்று. அப்பா நாட்டுப்படகில் தொழிலுக்குப் போகிறவர், அவர் கேட்பது வேறு: 'வீட்டுல தினமும் மீன் இருக்கு, அதுக்கு மேல என்னடா சத்து?' இதற்கு எனக்குப் பதில் தெரியவில்லை. இன்னொன்று, பால் குடித்தால் எனக்கு வயிறு உப்பிக்கொள்ளும். அப்படிப்பட்டவன் பாலிலிருந்து எடுக்கும் பவுடரைக் குடிக்கலாமா? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், கிண்டல் வேண்டாம்.

கீழக்கரைக் காக்கா:

தம்பி, முதல் வேலையாக அந்த ஜிப் கவரை மறந்துவிடுங்கள். யார் தயாரித்தது, எந்தத் தேதி, என்ன கலந்தது என்று எதுவுமே அதில் எழுதியிருக்காது. மால்டோடெக்ஸ்ட்ரின் என்று ஒரு மாவுச்சத்துத் தூள் இருக்கிறது, விலை மலிவு. அதோடு கொஞ்சம் பால் பவுடரும் சாக்லேட் வாசனையும் சேர்த்துக் கலக்கிக் கொடுத்தால் நாக்கால் கண்டுபிடிக்க முடியாது. அதுவாவது பரவாயில்லை, காசு மட்டும்தான் நஷ்டம். சில இடங்களில் ஸ்டீராய்டு கலந்து விடுகிறார்கள், ஒரே மாதத்தில் ஐந்தாறு கிலோ ஏறி முகமெல்லாம் பரு வந்தால் அது பவுடரின் மகிமை இல்லை, வேறு ஏதோ உள்ளே போகிறது என்று அர்த்தம்.

டப்பாவாக வாங்கினாலும் கண்ணை மூடிக்கொண்டு வாங்க முடியாது. 2024-ல் மெடிசின் என்ற மருத்துவ இதழில் ஓர் ஆய்வு வந்தது, இந்தியச் சந்தையில் விற்கும் 36 பவுடர்களை எடுத்துச் சோதித்தார்கள், ஏறக்குறைய 70 சதவீதத்தில் லேபிளில் போட்ட புரோட்டீன் அளவு சரியில்லை, சிலவற்றில் சொன்னதில் பாதிதான் இருந்தது. இது எப்படி நடக்கிறது என்றால், வழக்கமான சோதனை முறையில் புரோட்டீனை நேராக அளப்பதில்லை, நைட்ரஜனை அளந்து அதை 6.25 மாதிரி ஓர் எண்ணால் பெருக்கித்தான் புரோட்டீன் இவ்வளவு என்று போடுகிறார்கள். கிளைசின், டாரின் போன்ற மலிவான அமினோ அமிலச் சரக்கைக் கொட்டினால் நைட்ரஜன் கணக்கு ஏறிவிடும், உடம்புக்கு வேண்டிய முழுப் புரோட்டீன் ஏறாது. அதனால் சேர்மானப் பட்டியலைப் படியுங்கள், எடையில் எது அதிகமோ அது முதலில் வரும். முதல் பெயரே சர்க்கரையோ மால்டோடெக்ஸ்ட்ரினோ என்றால் டப்பாவை அங்கேயே வைத்துவிட்டு வாருங்கள். கிளைசின், டாரின் எல்லாம் பட்டியலில் தனியாக எழுதியிருந்தாலும் சந்தேகப்படுங்கள்.

பெயர்களைப் பார்த்து மிரள வேண்டாம். பாலில் உள்ள புரோட்டீனில் சுமார் 80 சதவீதம் கேசீன், 20 சதவீதம் வே. சீஸ் செய்யப் பாலைத் திரிக்கும்போது பிரிந்து வரும் தண்ணீரில் இருப்பதுதான் வே, அதை வடிகட்டி உலர்த்தினால் பவுடர். ஓரளவு வடிகட்டியது கான்சன்ட்ரேட், அதில் 70 முதல் 80 சதவீதம் புரோட்டீன். இன்னும் நன்றாக வடிகட்டி 90 சதவீதத்துக்குக் கொண்டுபோனால் ஐசொலேட், விலை கூடுதல். மாஸ் கெய்னர் என்பது பெரும்பாலும் மாவுச்சத்து, திருப்பிப் பார்த்தால் 100 கிராமில் புரோட்டீன் 15, 20 என்று நிற்கும். அதற்கு நம் வீட்டுச் சோற்றையே இன்னும் ஒரு கரண்டி போட்டுச் சாப்பிடலாம், ஆயிரக்கணக்கில் கொடுக்கத் தேவையில்லை. ஒரு ஸ்கூப் 33 கிராம், அதில் புரோட்டீன் 24 கிராம் என்று போட்டிருந்தால் 24-ஐ 33-ஆல் வகுத்துப் பாருங்கள், 73 சதவீதம் வரும், கான்சன்ட்ரேட்டுக்கு அது நியாயமான அளவு. இந்த ஒரு வகுத்தல் கணக்கைக் கடையிலேயே செல்போனில் போட்டால் பாதி டப்பாக்கள் கழிந்துவிடும்.

துபாய் டப்பா என்றால் நம் ஆட்களுக்கு ஒரு மயக்கம். எங்கள் ஊரில் சபரிலிருந்து, அதாவது வெளிநாட்டு வேலையிலிருந்து, வருகிறவர்கள் பெட்டியில் முன்பெல்லாம் கோடாலித் தைலமும் டாங் டப்பாவும் வரும், இப்போது அந்த இடத்தில் புரோட்டீன் டப்பா. நல்ல கடையில் பில்லோடு வாங்கி வந்தால் சரி. ஆனால் இங்கே முறையாக இறக்குமதியாகி விற்பதில் இறக்குமதியாளர் பெயர், முகவரி, உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ தரும் 14 இலக்க உரிம எண் எல்லாம் ஒட்டியிருக்கும், அந்த எண் உண்மையா என்று ஃபுட் சேஃப்டி கனெக்ட் செயலியில் தட்டிப் பார்க்கலாம். பெட்டியில் வருவதற்கு அந்த வசதி இல்லை, சரக்கு கெட்டிருந்தால் கேட்க ஆள் இல்லை. எங்கள் பிள்ளைகள் ஹலால் முத்திரையும் பார்ப்பார்கள், சீஸுக்குப் பாலைத் திரிக்கும் ரென்னட் என்கிற நொதியைச் சில இடங்களில் கன்றுக்குட்டியின் வயிற்றிலிருந்து எடுப்பதால்.

பாம்பன் அக்கா:

காக்கா சொன்னதெல்லாம் சரி. ஆனால் தம்பியின் அப்பா கேட்ட கேள்விக்கு யாரும் பதில் சொல்லவில்லையே. அதுதான் இதில் முதல் கேள்வி. நான் சத்துணவியல் படித்தவள், வீட்டுக்காரர் விசைப்படகுத் தொழில், அதனால் இரண்டு பக்கமும் தெரியும்.

சாதாரணமாக ஒரு மனிதனுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரோட்டீன் என்று ஐசிஎம்ஆர், அதாவது இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில், வைத்திருக்கிறது. உங்கள் 58 கிலோவுக்கு 48 கிராம். எடை தூக்கித் தசை ஏற்ற நினைப்பவர்களுக்கு 1.6 கிராம் வரை பலன் இருக்கிறது, அதற்கு மேலே போனால் கூடுதலாக ஒன்றும் நடப்பதில்லை. அதாவது 93 கிராம். இந்த இரண்டு எண்ணுக்கு நடுவில்தான் நீங்கள் நிற்கிறீர்கள், எங்கே நிற்கிறீர்கள் என்று உங்கள் தட்டைப் பார்த்தால்தான் தெரியும்.

காலையில் நாலு இட்லி, சாம்பார் என்றால் 11, 12 கிராம். மதியம் ஒரு தட்டுச் சோற்றில் 8 கிராம். இரவு மூன்று தோசை, சட்னி என்றால் 11 கிராம். சாயங்காலம் டீயும் ஒரு பருப்பு வடையும் 5 கிராம். ஆக மீனைச் சேர்க்காமல் 35 கிராம் பக்கம் வந்துவிட்டது. இப்போது மீன். சூடை, காரல், நெத்தலி, குமுளா எதுவானாலும் தலை, முள் போக வெறும் சதை 100 கிராமில் 18 முதல் 20 கிராம் புரோட்டீன். வஞ்சிரம் சாப்பிட்டால்தான் சத்து, சூடை ஏழை மீன் என்று நினைப்பது சும்மா பெருமைக்கு, புரோட்டீனில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது, சூடையில் ஒமேகா 3 கொழுப்பும் கூட. நெத்தலியை முள்ளோடு சாப்பிட்டால் சுண்ணாம்புச் சத்தும் சேரும்.

ஆனால் தட்டில் எத்தனை துண்டு என்பதில்தான் விஷயம் இருக்கிறது. கடற்கரை வீடுகளில் நான் பார்ப்பது இதுதான், மீன் தினமும் உண்டு, அது குழம்பில் உண்டு. சோற்றைக் குழைக்கக் குழம்பு, தொட்டுக்கொள்ள ஒரு துண்டு. நல்ல மீன் ஏலத்துக்குப் போய்விடும், நண்டும் கணவாயும் கம்பெனிக்குப் போய்விடும், மிச்சத்தில் அப்பாவுக்கும் விருந்தாளிக்கும் போக உங்களுக்கு 50 கிராம் சதை கிடைத்தால் அதிகம். 50 கிராம் என்றால் 10 கிராம் புரோட்டீன். அதையே 150 கிராம் ஆக்கினால் 28, 30 கிராம். அப்பாவிடம் சொல்லுங்கள், அவர் சொல்வது உண்மை, ஆனால் துண்டைக் கூட்ட வேண்டும் என்று.

அப்படிக் கூட்டினால் 65-ஐத் தொடுவீர்கள். இன்னும் 28 கிராம் குறைகிறது. வேகவைத்த முட்டை இரண்டு 12 கிராம், ஒரு கைப்பிடி வேர்க்கடலை, 30 கிராம் என்று வையுங்கள், அது 7 கிராம், மீல்மேக்கர் உலர்ந்த எடையில் 20 கிராம் எடுத்துக் குழம்பில் போட்டால் 10 கிராம். கணக்கு முடிந்தது. செலவு 25, 30 ரூபாய்க்குள். பவுடரில் இதே அளவு எடுக்க இன்றைய விலைக்கு 70 முதல் 100 ரூபாய் ஆகும். பொரிகடலையும் மோசமில்லை, 100 கிராமில் 20 கிராம் புரோட்டீன், சட்டைப் பையில் போட்டுக்கொண்டு போகலாம்.

எங்கே இடிக்கும் என்றால் தடைக்காலத்தில். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கரையில்தான். உங்கள் வீடு நாட்டுப்படகு, தொழிலுக்குத் தடையில்லை, ஆனால் அந்த நேரத்தில் மீன் விலை ஏறிக் கிடக்கும், கிடைத்ததை விற்கத்தான் மனம் வருமே தவிர வீட்டுக்கு எடுக்க வராது. அந்த இரண்டு மாதத்துக்கு முட்டை, பயறு, மீல்மேக்கர் கூட்டுங்கள். கருவாட்டை நம்பி ஓட்ட வேண்டாம். நெத்தலிக் கருவாட்டில் தண்ணீர் வற்றியதால் புரோட்டீன் செறிவு அதிகம்தான், ஆனால் அந்த அளவுக்குத் தின்றால் உப்பும் கூடவே உள்ளே போகும்.

இதில் எனக்கு ஒரு வயிற்றெரிச்சல். நம் கரையில் சங்காயத்தை, அதாவது சாப்பாட்டுக்கு விலைபோகாத கழிவு மீனை, மூட்டை மூட்டையாகக் காயவைத்துக் கோழித் தீவனத்துக்கும் மீன்மாவுக்கும் ஏற்றுகிறோம், அது அத்தனையும் புரோட்டீன்தான். அதைக் கிலோ சில்லறைக் காசுக்கு விற்றுவிட்டு, வேறு நாட்டில் சீஸ் செய்து மிஞ்சியதை உலர்த்திய பவுடரை மூவாயிரம் கொடுத்து வாங்குகிறோம். சரி, அது வேறு கதை.

தேவிபட்டினம் ஆள்:

எல்லாமே ஏமாற்று வேலை. ஐசிஎம்ஆரே 2024-ல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில் புரோட்டீன் பவுடரைத் தவிர்க்கச் சொல்லிவிட்டது. எங்கள் தாத்தா கேப்பைக் கூழும் கருவாடும் தின்றுவிட்டுத் துடுப்பு போட்டார், அவர் கையைப் பார்த்தால் ஜிம் மாஸ்டர் ஓடிவிடுவார். இதைப் போய் இவ்வளவு நீளமாக அலசுகிறீர்கள்.

கீழக்கரைக் காக்கா:

தேவிபட்டினம், உங்கள் தாத்தா நாள் முழுக்கத் துடுப்பு போட்டார், அதனால் கை அப்படி இருந்தது. இந்தத் தம்பி உட்கார்ந்து படிக்க வேண்டியவர். ஐசிஎம்ஆர் சொன்னது உண்மைதான், பவுடரை நம்பாதே, உணவிலேயே எடுத்துக்கொள் என்கிறது, சேர்க்கும் சர்க்கரையையும் செயற்கை இனிப்பையும் பற்றியும் எச்சரிக்கிறது. ஆனால் அக்கா சொன்ன அந்த 1.6 கணக்கும் அதே வழிகாட்டியில் இருக்கிறது, அதற்கு மேல் போனால் பயனில்லை என்று. அந்த அளவை உணவில் எட்ட முடிந்தவனுக்குப் பவுடர் தேவையில்லை. சென்னையில் விடுதியில் தங்கி வேலைக்குப் போகிறவன், மீனும் முட்டையும் தொடாதவன், அவர்களுக்கு ஒரு ஸ்கூப் வசதியாக இருக்கும். பால் பவுடரும் இப்படி உலர்த்திய சரக்குதானே, அதை யாரும் விஷம் என்று சொல்வதில்லையே.

கடலோரத்தான், மண்டபம்:

அக்கா, நீங்கள் போட்ட கணக்கை அம்மாவிடம் படித்துக் காட்டினேன். 'ஒரு துண்டு மீனா, நான் ரெண்டு துண்டு வைக்கிறேனே' என்று சண்டைக்கு வந்துவிட்டார்கள். சிரித்துவிட்டு விட்டேன். ஆனால் கிட்னி பயம் அவர்களுக்குப் போகவில்லை, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள். பால் உப்புசத்துக்கும். அப்புறம் ஜிம் முடிந்து அரை மணி நேரத்துக்குள் புரோட்டீன் உள்ளே போகாவிட்டால் தூக்கிய எடையெல்லாம் வீண் என்று மாஸ்டர் சொல்கிறார். எனக்கோ பஸ் பிடித்து வீடு வரவே முக்கால் மணி நேரம் ஆகிறது.

தொண்டி மருந்தாளுநர்:

தம்பி, அம்மாவின் பயம் எங்கிருந்து வருகிறது என்றால், கிட்னி நோய் ஏற்கெனவே உள்ளவர்களுக்கு டாக்டர்கள் புரோட்டீனைக் குறைக்கச் சொல்வார்கள், அது உண்மை. அந்தச் செய்தி ஊரில் சுற்றிச் சுற்றி, புரோட்டீன் சாப்பிட்டால் கிட்னி போகும் என்று மாறிவிட்டது. கிட்னி நன்றாக இருக்கும் இளைஞனுக்கு நாம் பேசும் அளவில் கெடுதல் என்று ஆய்வுகளில் தெரியவில்லை. ஆனால் நன்றாக இருக்கிறதா என்பது நமக்கு எப்படித் தெரியும்? வீட்டில் யாருக்காவது சர்க்கரை, ரத்த அழுத்தம், கிட்னிக் கல் இருந்தால் ஆரம்பிக்கும் முன் ஒரு முறை யூரியா, கிரியாட்டினின், சிறுநீரில் புரதம் போகிறதா என்று பார்த்துவிடுங்கள். ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலேயே பார்க்கலாம்.

இங்கே ஒரு சிக்கல் உண்டு. ஜிம்மில் கிரியேட்டின் என்று இன்னொரு பவுடரும் கொடுப்பார்கள், அது புரோட்டீன் இல்லை, வேறு சரக்கு. ஒரு நாளைக்கு 3 முதல் 5 கிராம் எடுப்பார்கள், ஆரோக்கியமானவர்களுக்குப் பொதுவாகப் பாதகமில்லை. ஆனால் அதை எடுத்துக்கொண்டிருக்கும்போது ரத்தத்தில் கிரியாட்டினின் அளவு கொஞ்சம் ஏறிக் காட்டும், கிட்னி கெடாமலேயே. டாக்டரிடம் இதைச் சொல்லாமல் மறைத்தால் அவர் வேறு மாதிரி நினைத்துவிடுவார். என்ன எடுத்தாலும் சொல்லிவிடுங்கள்.

பால் உப்புசம் பெரும்பாலும் லாக்டோஸால். ஒரு டம்ளர் பாலில், 200 மில்லி என்று வைத்தால், 9, 10 கிராம் லாக்டோஸ் இருக்கும். கான்சன்ட்ரேட் ஒரு ஸ்கூப்பில் ஒன்றிரண்டு கிராம்தான், ஐசொலேட்டில் அதைவிடவும் குறைவு. அதனால் பால் ஒத்துக்கொள்ளாத பலருக்கும் பவுடர் ஒத்துக்கொள்கிறது, தண்ணீரில் கலந்து குடித்தால். அதைக் கொண்டுபோய்ப் பாலில் கலந்துவிட்டுப் பவுடர்தான் வயிற்றைக் கெடுத்தது என்று எங்கள் கடைக்கு வருகிறவர்கள் உண்டு. தயிரும் மோரும் உங்களுக்குத் தொந்தரவு தராமல் இருக்கலாம், பார்த்துக்கொள்ளுங்கள்.

அரை மணி நேரக் கணக்கை விடுங்கள். ஒரு நாள் முழுக்க மொத்தம் எவ்வளவு என்பதுதான் முக்கியம், அதை மூன்று நான்கு வேளையாகப் பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது. பஸ்ஸில் வந்து மீன் குழம்போடு சோறு சாப்பிட்டால் எதுவும் வீண் போகாது. நோன்பு வைக்கும் பிள்ளைகளும் இதைக் கேட்பார்கள், அவர்களுக்கும் அதே பதில்தான், நோன்பு திறந்ததிலிருந்து விடியலுக்கு முந்தைய சஹர் சாப்பாடு வரைக்கும் பிரித்துச் சாப்பிட்டால் போதும். நோன்புக் கஞ்சியில் அரிசிதான் அதிகம், அதை மட்டும் நம்பாமல் பக்கத்தில் முட்டையோ கறியோ வைத்துக்கொள்ளுங்கள்.

யூரிக் அமிலம் ஏறிக் கால் கட்டைவிரல் வீங்கும் வழக்கம் உள்ளவர்கள் மட்டும் சூடை, நெத்தலியை அளவோடு வைத்துக்கொள்ள வேண்டும், அவற்றில் யூரிக் அமிலமாக மாறும் பியூரின் அதிகம். 21 வயதில் உங்களுக்கு அந்தக் கவலை இருக்காது, உங்கள் அப்பாவுக்கு இருந்தால் துண்டைக் கூட்டுவது உங்கள் தட்டில் மட்டும்.

ஓய்வு வாத்தியார், உச்சிப்புளி:

நான் உடற்பயிற்சி ஆசிரியராக இருந்தவன். எத்தனையோ பிள்ளைகளைத் தேர்வுக்கு அனுப்பியிருக்கிறேன். தம்பி மார்பளவைப் பற்றியே யோசிக்கிறான், 1500 மீட்டரை 7 நிமிடத்துக்குள் ஓட வேண்டுமே, அதில் கழிந்தால் மார்பளவை வைத்து என்ன செய்வது? ஓட்டத்துக்கு எந்தப் பவுடரும் வராது. அரியமான் கடற்கரையில் அலை தொட்டு இறுகிய மணலில் ஓடிப் பழகு, வாரத்தில் ஓரிரு நாள் மெதுவாக நீண்ட தூரம், ஒரு நாள் 400 மீட்டராகப் பிரித்து வேகமாக. ஆனால் கடைசி வாரங்களில் கட்டாயம் தரையில் ஓடு, மணலில் ஓடிய கால் மைதானத்தில் வேறு மாதிரி நடந்துகொள்ளும்.

மூச்சை இழுத்தால் விரிவது வெறும் தசையால் இல்லை, விலா எலும்பு இளக வேண்டும். கடல் பக்கத்திலேயே இருக்கிறாய், நீச்சல் அடி. தண்டால் எடு. அளக்கும்போது தோளைத் தூக்கினால் அதிகாரிக்குத் தெரியாமலா இருக்கும்? கயிறு ஏறவும் வேண்டும், அதற்குக் கைப்பிடி பலம் வேண்டும், அப்பாவோடு போய் வலை இழு, நங்கூரம் தூக்கு. இரவு சீக்கிரம் படு. செல்போனைப் பார்த்துக்கொண்டு 1 மணிக்குப் படுப்பவனுக்கு எந்தப் புரோட்டீனும் ஒட்டாது. சாப்பாட்டுக்கு, காலையில் பல் விளக்கியதும் இரண்டு பச்சை முட்டையை உடைத்து ஊற்றிக்கொள், எங்கள் காலத்தில் அதுதான் பவுடர்.

இன்னொன்று. கபடி, தடகளம் என்று தேசிய அளவுக்குப் போகும் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால், ஜிப் கவர் பக்கமே போகாதீர்கள். ஊக்கமருந்துச் சோதனையில் மாட்டினால் பவுடரில் இருந்தது எனக்குத் தெரியாது என்பது பெரும்பாலும் எடுபடாது, உடம்பில் இருப்பதற்கு நீதான் பொறுப்பு என்பதுதான் விதி.

தொண்டி மருந்தாளுநர்:

சார் சொன்ன ஓட்டமும் தூக்கமும் நூற்றுக்கு நூறு. பச்சை முட்டை மட்டும் வேண்டாம் சார், கோபித்துக்கொள்ளாதீர்கள். 1998-ல் அளந்தே பார்த்திருக்கிறார்கள், வேகவைத்த முட்டையின் புரோட்டீனில் சுமார் 90 சதவீதம் உடம்பில் சேர்கிறது, பச்சை முட்டையில் 50 சதவீதம் பக்கம்தான். பாதி முட்டையைச் சாக்கடையில் ஊற்றியதற்குச் சமம். சால்மொனெல்லா கிருமி பயம் வேறு, தேர்வு நாளில் வயிற்றுப்போக்கு வந்தால் 1500 மீட்டர் எங்கே ஓடுவது.

ஓய்வு வாத்தியார், உச்சிப்புளி:

அப்படியா. சரி, அவித்தே சாப்பிடட்டும்.

தங்கச்சிமடம் மருமகள்:

இடையில் கேட்பதற்கு மன்னிக்கவும். என் மாமியாருக்கு 68 வயது, 45 கிலோதான் இருப்பார்கள். வழுக்கி விழுந்து இடுப்பில் அடிபட்டுப் படுத்து எழுந்தார்கள், டாக்டர் புரோட்டீன் பவுடர் கொடுக்கச் சொன்னார். நான் சத்துமாவு அரைத்துக் கஞ்சி கொடுக்கிறேன், அது போதாதா? டப்பாவாக ஒன்றும் வாங்கினேன், திறந்து கொஞ்ச நாளிலேயே கட்டி கட்டியாக ஆகிவிட்டது, கொடுக்கலாமா என்று பயமாக இருக்கிறது.

தொண்டி மருந்தாளுநர்:

அக்கா, வயதானவர்களுக்குத்தான் இது இளைஞர்களைவிட முக்கியம், படுத்துக் கிடந்தால் தசை வேகமாகக் கரையும். அவர்களுக்குக் கிலோவுக்கு 1 முதல் 1.2 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம், உங்கள் மாமியாருக்கு 45 முதல் 54 கிராம். சத்துமாவில் பெரும்பகுதி தானியம், நல்லதுதான், ஆனால் ஒரு டம்ளர் கஞ்சியில் போகும் இரண்டு மூன்று கரண்டி மாவில் 4, 5 கிராம்தான் தேறும். பொரிகடலையும் வேர்க்கடலையும் கூடப் போட்டு அரைத்தால் ஏறும். முள்ளுக்குப் பயந்து மீனைத் தள்ளுகிறார்கள் என்றால் திருக்கை, பால்சுறா மாதிரி உதிர்த்துப் புட்டாகச் செய்து கொடுங்கள், முட்டையைக் குழைவாக வேகவையுங்கள். டாக்டர் பார்த்துச் சொல்லியிருப்பதால் பவுடரையும் விட வேண்டாம். சர்க்கரை நோய் இருந்தால் டப்பாவில் சேர்த்த சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள், மால்ட் வாசனையோடு வரும் சத்துபானங்களை இதற்குப் பதிலாக வாங்கிவிடாதீர்கள், அதில் இனிப்புதான் அதிகம். நடக்க ஆரம்பித்திருந்தால் நாற்காலியில் உட்கார்ந்து எழும் பயிற்சியும் பிசியோதெரபிஸ்ட் சொல்கிறபடி சேரட்டும்.

கடலோரத்தான், மண்டபம்:

எல்லாருக்கும் நன்றி. ஜிப் கவர் வாங்கப் போவதில்லை. முட்டையும் வேர்க்கடலையும் ஆரம்பித்துவிட்டேன், மீல்மேக்கரை மீன் குழம்பில் போடலாமா என்று அம்மாவிடம் கேட்டதற்கு என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே, அதைத் தனியாகத்தான் சமைக்க வேண்டும் போல. மச்சானிடம் டப்பா சொல்லவில்லை, ஓடுவதற்கு நல்ல ஷூ ஒன்று சொல்லியிருக்கிறேன். தங்கச்சிமடம் அக்கா கேட்ட கட்டி விஷயத்துக்கு யாராவது பதில் சொல்லுங்கள், நாளைக்கு எனக்கும் தேவைப்படலாம்.

கீழக்கரைக் காக்கா:

அக்கா, நம் பக்கக் காற்றில் உப்பு பாக்கெட்டே இளகிப்போகிறது, பவுடர் எம்மாத்திரம். ஈரத்தை இழுத்துக் கட்டியாவது சகஜம். கட்டியைக் கையில் எடுத்து அழுத்தினால் மாவாக உதிர்கிறது, வாடையும் நிறமும் வாங்கியபோது இருந்த மாதிரியே இருக்கிறது என்றால் கொடுக்கலாம். பிசுபிசுவென்று ஒட்டினாலோ, புளித்த வாடையோ எண்ணெய்ச் சிக்கு வாடையோ வந்தாலோ, புள்ளி புள்ளியாக நிறம் மாறியிருந்தாலோ யோசிக்காமல் கொட்டிவிடுங்கள், வயதானவர்களுக்குக் கொடுப்பது.

அடுத்த முறை பெரிய டப்பா வாங்க வேண்டாம், விலை கொஞ்சம் கூடினாலும் அரைக் கிலோவாக வாங்குங்கள். உள்ளே சின்னப் பொட்டலமாகச் சிலிக்கா ஜெல் கிடக்கும், அதைக் குப்பை என்று எறிந்துவிடாதீர்கள், உள்ளேயே கிடக்கட்டும். ஸ்கூப்பைக் கழுவிவிட்டு ஈரத்தோடு திரும்பப் போடுவதுதான் பல வீடுகளில் கட்டியாவதற்குக் காரணம். அடுப்புப் பக்கம், ஜன்னல் பக்கம் வைக்காதீர்கள். ஃபிரிட்ஜிலும் வேண்டாம், எடுத்து வெளியே வைத்ததும் உள்ளே வேர்த்துவிடும். கொதிக்கிற கஞ்சியில் நேராகப் போட்டால் திரண்டுகொள்ளும், புரோட்டீன் ஒன்றும் போய்விடாது, குடிக்கத்தான் கஷ்டம். முதலில் ஆறிய தண்ணீரில் கரைத்துவிட்டு, கஞ்சி வெதுவெதுப்பான பிறகு சேருங்கள். ஷேக்கர் பாட்டிலில் கலக்கினால் குடித்த உடனே கழுவ வேண்டும், நம் வெயிலில் ஒரு மத்தியானம் மூடி வைத்தால் அந்த வாடை பிறகு எந்த சோப்புக்கும் போகாது.